பத்துத் தண்டு, ஒரு கட்டு

ஹெய்லுக்கும் கேம்போனுக்கும் நடுவில்
எங்கள் பெட்ரோல் நிலையம்.
எங்கள் என்பது பேச்சுக்கு.
முதலாளி செல்வகாந்தன் பிளிமத்தில் இருக்கிறார்.
நான் கல்லாவில்.
குறைந்தால் என் சம்பளத்தில்.

மாசி மாதம், பின்னேரம் ஐந்தரை.
வெள்ளை வான் வந்து நிற்கும், பதினாறு பேர் இறங்குவார்கள்,
அப்போதுதான் துடைத்த என் தரையில்
பதினாறு சோடிச் சேறு.
பாண், முட்டை, போனுக்குப் பத்துப் பவுண்,
நாலு பேர் சேர்ந்து ஒரு வோட்கா.
கிர்கிஸ்தான், உஸ்பெக்கிஸ்தான், நேபாளம்.
ஒருநாள் யோசித்துப் பார்த்தேன்,
ஒருவருடைய நாட்டுக்கும் கடல் இல்லை.
இங்கே எந்த வரப்பில் குனிந்தாலும்
கடல் வந்து முகத்தில் அடிக்கும்.

குல்ஸாத்தின் மணிக்கட்டு நிறைய ரப்பர் வளையம்,
நீலமும் சிவப்பும்.
காப்பு என்று நினைத்தேன் முதலில்.
அதற்குக் கீழே தோல் வெந்திருந்தது.
டஃபோடில் தண்டின் பால், கையுறைக்குள்ளும் வரும் என்று
அவளுடைய போன் மொழிபெயர்த்தது.
களிம்பு ஆறு பவுண் நாற்பது.
எடுத்தாள், விலையைப் பார்த்தாள், வைத்தாள்.
மூன்று நாள் இதே.
நாலாம் நாள் வாங்கினாள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு வாளி.
வாளிக்குள் அவர்கள் ஒடித்தது, கட்டு ஒரு பவுண்.
பூ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்,
பூ இல்லை, பென்சில் மாதிரிப் பச்சை.
விரியாததைத்தான் ஒடிக்கலாமாம்,
ஐந்து விரலையும் குவித்துக் காட்டினாள்.
மஞ்சள் தெரிந்துவிட்டால்
அப்படியே விட்டுவிட்டு அடுத்த தண்டுக்குப் போக வேண்டும்.

தமிழில் இதற்கு வரிசையாகப் பெயர் உண்டு:
அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல்.
பாடமாக்காமல் போய் அடி வாங்கியிருக்கிறேன்.
ஏழில் ஒன்றுக்குத்தான்
இந்த வயலில் கூலி.

அன்று அவள் வாளிக்குள் இருந்து ஒரு கட்டை எடுத்து
காசுத்தாள் எண்ணுவதுபோல எண்ணினாள்.
ஒன்பது.
மறுபடியும் எண்ணினாள்.
வளையம் சுற்றிய விதத்தில்
யாருடைய கை என்று தெரியும் அவளுக்கு.
யார் என்று கேட்டேன்,
போன் இருந்தும் மொழிபெயர்க்கவில்லை.

காலையில் ஜேகோ கோப்பி வாங்க வருவான்,
வயலின் மேற்பார்வை.
பால் கலக்கிக்கொண்டே வாளிக்குள் கையை விட்டு
ஒன்றிரண்டு கட்டை எண்ணுவான்.
ஒரு தண்டு குறைந்தால்
கட்டியவருடைய பெட்டி முழுக்கக் கணக்கில் இல்லை.

வேறு கட்டுகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.
ஒன்றில் பதினொன்று இருந்தது.
உருவினாள், ஒன்பதுக்குள் செருகினாள்,
வளையத்தை அவனைப் போலவே சுற்றினாள்.
நேபாளப் பெடியன் ஒருவன்
லைட்டர் தெரிவு செய்கிற சாட்டில் நின்றுகொண்டே இருந்தான்,
காது இரண்டும் சிவந்து.
எல்லா லைட்டரும் ஒரே விலை.

பங்குனிக் கடைசியில் அவர்களை ஹெரிஃபோர்டுக்கு ஏற்றினார்கள்,
ஸ்ட்ராபெரிக்கு.
விசாவில் இன்னும் பத்துக் கிழமை மிச்சம்.
கிளம்புகிற காலை குல்ஸாத் ஒரு பவுண் குற்றியை மேசையில் வைத்து
ஒரு கட்டு வாங்கினாள்.
எடுத்துக்கொண்டு போகவில்லை.
இது விரிந்தால் படம் அனுப்பு என்றது போன்.

இப்போது வயல் முழுக்க மஞ்சள்,
ஒடிக்காமல் விட்டதெல்லாம்.
கார்கள் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள்.
என்ன அழகு, யாருடைய வயல் என்று
ஒரு வயதான தம்பதி கேட்டது.
எரிபொருள் எத்தனையாம் நம்பர் பம்ப் என்று
நான் கேட்டேன்.

கட்டு மூன்றாம் நாள் விரிந்தது,
சிகரெட் அலமாரிக்குக் கீழே, ஒரு கோப்பைத் தண்ணீரில்.
படம் அனுப்பினேன்.
இரவு பதினொன்றுக்குப் பதில் வந்தது,
அவளே எழுத்துக் கூட்டி அடித்த ஒற்றைச் சொல்:
பத்தா?

நான் எண்ணியிருக்கவில்லை.