சுற்றவாளி

நாவலப்பிட்டியில் மழை விட்டால்தான் செய்தி.
ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு
நீதவானின் சிங்களத்துக்கும்
மருதவீரனின் தமிழுக்கும் நடுவே
போய் நின்றுகொள்கிறேன்.
மாதச் சம்பளம் அதற்குத்தான்.

கூண்டில் நிற்பவனுக்குச் சட்டத் தமிழில் எதிரி என்று பெயர்.
யாருக்கு எதிரி, கேட்டான் முதல் நாள்.
முறைப்பாட்டாளர்: பொலிஸ் பொறுப்பதிகாரி, வாசித்தேன்.
அவரை நான் கண்டதேயில்லையே ஐயா.

தேயிலைத்தூள், பதினான்கு கிலோ, ஒரு சாக்கு.
பெக்டரி ஸ்டோரின் பின்கதவு, இரவு பதினொன்றரை.
தனியார் தோட்டமென்றால் இங்கேயே தீர்ந்திருக்கும்.
இது அரசாங்கத் தோட்டம், ஆகவே பொதுச் சொத்து,
ஆகவே கோப்பு கொழும்புக்குப் போனது
சட்டமா அதிபரின் ஆலோசனை கேட்டு.
அது வரும்வரை
நீதவானும் காத்திருக்க வேண்டும்,
சார்ஜனும், சாக்கும்.

இன்னும் வரவில்லை கனம் நீதவான் அவர்களே.
அடுத்த தவணை.
இன்னும் வரவில்லை.
அடுத்த தவணை.
வாங்கில் உட்கார்ந்திருக்கும் பவளக்கொடிக்கு
அன்றைக்குப் பேர் விழாது.

ஏழாந் தவணையில் வந்தது.
குற்றப்பத்திரத்தை வாசித்து முடித்து
நீதவான் என்னைப் பார்த்தார், நான் அவனை.
குற்றவாளியா, சுற்றவாளியா?

ரெண்டாவது என்னா ஐயா?
குற்றம் செய்யாதவன், என்றேன் மெல்ல.
சிரித்துவிட்டான்.
ஏழு தரம் பஸ்ஸுல சுத்திச் சுத்தி வந்திருக்கேன்,
சுற்றவாளின்னே போட்டுக்குங்க.

சிரிப்பை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு
ஒரு சொல்லை மட்டும் சிங்களத்தில் கொடுத்தேன்.

விசாரணைக்கு இங்கே விளக்கம் என்று பெயர்.
விளக்க நாளில் சாக்கைத் தூக்கி வந்தார்கள்
சான்றுப்பொருள் அறையிலிருந்து.
அங்கே கூரை ஒழுகுவது எல்லோருக்கும் தெரியும்.
சட்டத்தரணி தராசு கேட்டார்.
முள் பதினைந்தில் நின்றது.

பிடித்தது பதினான்கு, இருப்பது பதினைந்து.
மிச்சம் ஒரு கிலோவை
யார் திருடி உள்ளே வைத்தது?

மன்று சிரித்தது. நீதவான் பேனாவால் மேசையைத் தட்டினார்.
சார்ஜன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

மருதவீரன் மட்டும் கழுத்தை நீட்டி
அந்தப் பூஞ்சணத்தை முகர்ந்து,
என் காதுக்கு மட்டும் எட்டும்படி சொன்னான்:
மொத சலிப்பு ஐயா, நல்ல தூளு.
இப்பிடிப் பழுதாக்கிட்டாங்களே.

சொல்வதையெல்லாம் உள்ளபடி பெயர்ப்பேன் என்று
வேலைக்குச் சேர்ந்த நாளில் சத்தியம் செய்தவன் நான்.

தகரக் கூரையில் மழை பலமாக இருந்தது.
எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த தவணைத் திகதியை
அவன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.