ஞாயிறு வகுப்பு

பத்தொன்பதில் விட்டுப்போன தேவாலயத்துக்கு
அறுபத்தேழில் திரும்பினேன்.
பக்தி என்று சொல்ல முடியாது.
லாரி ஓட்டிய காலமெல்லாம்
பக்கத்து இருக்கையில் ஒரு கேள்வி
இறங்காமல் வந்துகொண்டிருந்தது:
யோனாவின் ஆமணக்கை அரித்த புழுவுக்கு
அப்புறம் என்ன ஆயிற்று?

அன்று கேட்டபோது
மூப்பர் சிரித்தார். வகுப்பே சிரித்தது.

வேல்ஸ் மலையில் பிப்ரவரி மழை,
கற்பலகைக் கூரை சளசளக்கிறது.
பின்னறையில் ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர்,
என்னோடு நாலு பேர்.
ஓய்வுபெற்ற நர்ஸ் நெஸ்ட்டா,
ஈர ஆட்டுக்கம்பளி வாசத்தோடு குவிலிம்,
கண்ணாடியை வீட்டில் மறந்த போதகர்,
அவருக்கும் எங்கள் பெஞ்சுதான்.

கேட்டுவிட்டேன்.

"ஒரே ராத்திரியில் அவ்வளவு தின்றால்
வயிறு வெடித்துச் செத்திருக்கும், இத்தெல்."
குவிலிமுக்குப் பூச்சி பொட்டு தெரியும்.
"கடவுள் கட்டளையிட்ட புழு அது,
வேலை முடிந்ததும் பென்ஷன் கொடுத்தாரா?"
நெஸ்ட்டா நிஜமாகவே கேட்டார்.
போதகர் பக்கத்தை மூக்கருகே பிடித்து
வெகுநேரம் தேடினார்.
"எனக்குத் தெரியவில்லை" என்றார்.

இந்தச் சுவர்களுக்குள்
இப்படி ஒருவர் சொல்லிக் கேட்டதேயில்லை நான்.

தேநீர் ஆறிப்போயிருந்தது.
அடுத்த வாரமும் இதே அதிகாரமாம்.
பென்சில் வாங்க வேண்டும்.