பெங்களூரா சீசன்

காவேரிப்பட்டணம் தாண்டி
இனிப்பாக ஒரு வாசனை வந்தால்
ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும்.
எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாங்கூழ் ஆலைக்குப் போகிற டிராக்டர்
உதிர்த்துப்போன பெங்களூரா,
மேலேறிப் போன லாரிகளெல்லாம்
தாரில் அரைத்துப் பூசிய மஞ்சள்.
அறுபதில் வந்தேன்.
முன் பிரேக்கைத் தொட்டது
இரண்டே விரல்தான்.

பிறகு சாலை
பக்கவாட்டில் ஓடியது.

கன்னத்துக்கும் தாருக்கும் நடுவே
தேய்ந்துகொண்டே வந்தது ஹெல்மெட்.
உள்ளே என் மூச்சு
வேறு யாருடையதோ போல.

பின்னால் வந்த பால் வேன்
நாலடி தள்ளி நின்றுவிட்டது.
டிரைவர் பெயர் முனிரத்தினம்;
முழங்கையில் தையல் போடும்போது கேட்டேன்.
"தள்ளியே வந்தேன் மேடம், அதான் நின்னுச்சு"
என்றார், ஏதோ தப்புச் செய்தவர்போல.

அன்று காலை
வாரை இழுத்து மாட்டியதும்
பெரிய ஞானமெல்லாம் இல்லை.
ரவுண்டானாவில் நிற்கிற போலீசுக்குப் பயந்து.
வழக்கமாக அவரைத் தாண்டியதும்
கழற்றி டேங்க் மேல் வைப்பேன்.
அன்றைக்கு போன் வந்தது, எடுக்கவில்லை,
கழற்றவும் மறந்துபோனேன்.
அவ்வளவுதான்.

எட்டு நாள்
என் தலைமுடியில் மாம்பழம் மணத்தது.
வீட்டில் யாரும் பழம் நறுக்கவில்லை.

இந்த ஜூனில் மறுபடி அதே வளைவு.
தவணை வசூல் பை முதுகில்,
கீறல் விழுந்தது ஆணியில் தொங்க
புது ஹெல்மெட் தலையில்.
இருபதுக்கு இறங்குகிறேன்.
பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

அடிக்கட்டும்.
அவர்களுக்கு இன்னும்
வாசனை வரவில்லை.