மஞ்சள் வில்லை

டார்ச் அடித்தால் மான் நிற்கும்.
கண்ணிரண்டும் பச்சையாய்ப் பற்றிக்கொள்ள
ஒரு மூச்சு நிற்கும். பிறகு பாயும்.
அந்த ஒரு மூச்சுதான் எங்கள் பிழைப்பு.

இது நின்றது.
பிறகு எங்களைப் பார்த்து நடந்து வந்தது.

குட்லாடம்பட்டிக்கு மேலே, ஓடை திரும்புமிடம்.
சோணை துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டான்.
"என்னடா, கைமாத்துக் கேக்க வர்ற மாதிரி வருது."
வெளிச்சத்துக்குப் பின்னால் தவிட்டு வாளி வரும் என்று
யாரோ அதைப் பழக்கியிருந்தார்கள்.
சவரியப்பன் சுட்டான்.
அவ்வளவு பக்கத்தில் வந்த பிறகு
குறி எதற்கு?

இடது காதில் மஞ்சள் வில்லை. எண் நாற்பத்தொன்று.

ஐப்பசி மழையில் பண்ணைச் சுவர் சரிந்ததும்
ரிசார்ட்காரரின் புள்ளிமான்கள் விடிவதற்குள் மலையேறியதும்
வாடிப்பட்டி டீக்கடை வரைக்கும் தெரிந்த சேதி.
பதினேழு என்றார்கள், இருபத்துமூன்று என்றார்கள்.
ரேஞ்சருக்கு எழுதிக் கொடுத்தது ஆறு,
அனுமதி ஆறுக்குத்தானாம்.
ஆறுக்குள் நாற்பத்தொன்று எப்படி அடங்கும் என்று
கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

கத்தி என்னிடம்.
பகலில் குட்டியானை ஓட்டுகிறவன், ராத்திரியில் தோலுரிக்கிறவன்.
காட்டு மானின் நுரையீரல் ரோஜா நிறம்,
அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்.
இது எழவில்லை.
விரலுக்கடியில் மொச்சை மொச்சையாய்க் கட்டி.
ஒன்றைக் கீறினேன்,
நறநறவென்று மணலை அறுப்பதுபோல் சத்தம்;
திரிந்த பால் கத்தியில் ஒட்டியது.

மச்சினனைக் கூட்டிக்கொண்டு
தோப்பூர் ஆஸ்பத்திரிக்கு ஆறு மாதம் அலைந்தவன் நான்.
அங்கே மாத்திரை வாங்கும் வரிசையில், சுவரில்
இதே மொச்சையைப் படமாய்ப் பார்த்திருக்கிறேன்.

"சளி பிடிச்சிருக்கும்" என்றான் சவரியப்பன்.
தேக்கிலையில் நான்கு கூறு விழுந்தது.
நுரையீரலை நாய்கள் இழுத்துப்போயின.
சிவலைக்கு அப்போது வயிற்றில் குட்டி.

என் கூற்றைக் கொய்யா மரத்தடியில் புதைத்தேன்.
மற்ற மூன்றும்
மிளகு போட்டு, விடிவதற்குள், கதவைச் சாத்திக்கொண்டு.

தல்லாகுளம் கால்நடை மருத்துவமனையில்
டாக்டர் பிரிசில்லாவிடம் ஆடு என்றேன்.
"யார் ஆடு?"
தெரிஞ்சவங்க ஆடு.
"எங்க அறுத்தது?"
வீட்டில்.
"துண்டு ஏதாவது எடுத்து வச்சிருக்கீங்களா?"
நாய் தின்றுவிட்டது.
அவர் பேனாவை மூடினார்.
என் நகக்கண்ணில் ஒரு ரோமம் இருந்தது,
ஆட்டுக்கு வாய்க்காத செம்பட்டை.
அதையே பார்த்துக்கொண்டு கேட்டார்:
"அந்த ஆட்டோட கூட்டம் எங்க தண்ணி குடிக்கும்?"
சொன்னேன்.
"அங்க மாடு இறங்குமா?"
ஊர் மாடு பூரா அங்கேதான்.
"காட்டு ஆடு?"

அந்த வார்த்தையை அவர் சிரிக்காமல் சொன்னார்.

"யாராவது ரேஞ்ச் ஆபீஸ்ல சொல்லணும்" என்றார்.
"சாப்பிட்டவங்களைச் சளி டெஸ்டுக்கு வரச்சொல்லுங்க."

யாராவது.
இந்த மலையில் அந்த நுரையீரலைப் பார்த்தவன் ஒருத்தன்.
அவன் வாயைத் திறந்தால்
முதல் கேள்வி, நீ எப்படிப் பார்த்தாய்.
அதற்குப் பதில் மூன்று வருஷத்திலிருந்து ஏழு.

சோணையிடம் சொன்னேன், மாட்டுத்தாவணியில், தக்காளி இறக்கும்போது.
"வேக வச்சா எல்லாம் செத்துரும்" என்றான்.
வெந்தது சரி.
அறுத்தவன் கை?

வில்லை இப்போது வண்டியில், மீட்டருக்கு மேல்,
காய்ந்த எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் இரண்டு தடவை
வேகம் குறைத்தேன்.
இரண்டு தடவையும் பின்னால் பஸ் ஹாரன் அடித்தது,
நல்லதாய்ப் போயிற்று.

நேற்று சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றி இறங்குகையில்
ஏழாவது வளைவில்
ஹெட்லைட்டில் இரண்டு பச்சை.
ஒரு மூச்சு எண்ணினேன்.
இரண்டு. மூன்று.
ஓடு சனியனே என்று ஹாரனை அமுக்கினேன்.
அது தலையை ஆட்டிக்கொண்டு வந்தது.

விளக்கை அணைத்தேன்.
இருட்டில் குளம்புச் சத்தம் கதவுப் பக்கம் வந்து நின்றது.
பிறகு அது இருமியது,
அடுத்த வீட்டு ஆள் இருமுவது போல.
நான் கண்ணாடியை ஏற்றினேன்.
அந்தப் பக்கம்
ஈர மூக்கு ஒன்று தவிடு தேடி
கண்ணாடியை நக்கத் தொடங்கியது.