ஆதா

மாடியில் மூன்று அறை வாடகைக்கு,
சாவிக்கொத்து என் இடுப்பில்.
ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிட நடை,
தண்ணீர் காலையில் மட்டும்,
சமைத்துக்கொள்ளலாம்,
மீன் வறுத்தால் ஜன்னலைத் திறந்து வைக்கவும்.
இதை நாலு பாஷையில் சொல்வேன்.
நாலும் அரைகுறை.

இரண்டாம் அறைக்காரர் பிமல், பாங்குரா பக்கம்.
மனைவி ஷிப்ராவுக்குக் கழுத்தில் ஆபரேஷன்,
பத்து நாள் பேசக் கூடாது.
டிஸ்சார்ஜ் ஆன ராத்திரி
கதவைத் தட்டினார்.
"இன்னா வேணும்?"
"ஆதா."

ஆதா என்றால் பாதி.
இந்தி எனக்கா தெரியாது?
அரை லிட்டர் பால் பாக்கெட்டை நீட்டினேன்.
தலையை ஆட்டினார்.
"ஆதா, ஆதா."
அரையிலும் பாதியா?
கத்தரிக்கோலைத் தேடப் போனேன்.

அப்புறம் அவர் தொண்டையைத் தொட்டு,
விரல்களைக் கோணல்மாணலாய் மடக்கி,
அந்தக் கையை இந்தக் கையால் நசுக்கி,
முகர்ந்து காட்டினார்.
அட, இஞ்சி!
"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"
முன்னாடியிலிருந்து அவர்
அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் இஞ்சி இல்லை. சுக்கு இருந்தது.
இஞ்சி செத்துத்தான் சுக்கானது என்பதற்குச்
சைகை கிடைக்காமல்
கண்ணை மூடி நாக்கைத் துருத்தினேன்.
மனுஷன் மாடியை ஒருதரம் பார்த்து
வெலவெலத்துப் போனார்.

மணி பத்து.
பகலெல்லாம் வெயில் குடித்த மலை
இன்னும் அனல் கக்கிக்கொண்டிருந்தது.
இந்த வெக்கையில் யார் சுடச்சுடக் குடிப்பார்கள்?

சுக்குக்குப் புறம் நஞ்சு,
தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு
அம்மிக் குழவியால் ஒரே போடு.
தனியாவை வெறும் சட்டியில் புரட்டினேன்,
அது படபடவென்று பேச ஆரம்பிக்கும்வரை.
ஏலக்காய் இரண்டு, தோலோடு.
லாங்கு பஜாரில் வாங்கிய அதிமதுரம், சுண்டுவிரல் நீளம்.
மாடிப்படியில் பெயிண்ட் டப்பாவில் வளரும் துளசி,
இருட்டில் கை நிதானத்துக்குக் கிள்ளியது.

கை தானாக அஞ்சறைப்பெட்டிக்குப் போய்
ஏழு மிளகு எண்ணி எடுத்தது.
காரம் ஆகாது என்று நர்ஸ் சொன்னாளாம்,
பிமல் சீட்டைக் காட்டினார்.
மிளகில்லாத சுக்குத்தண்ணி,
தாலியை மறந்துவிட்டு
மண்டபத்துக்குப் போன கல்யாணம்.
ஏழையும் திரும்பப் போட்டேன்.
ஒன்று உருண்டு தப்பித்தது.
அதை நான் மென்றுகொண்டேன்.

மூன்று டம்ளர் இரண்டாகச் சுண்டும்வரை
அவர் நிலைப்படியிலேயே நின்றார்,
உள்ளே வரவுமில்லை, உட்காரவுமில்லை.
கொதிக்கிற சத்தம் எங்கள் இருவருக்கும்
புரிகிற பாஷையாக இருந்தது.
பனைவெல்லம் போட்டு வடிகட்டி
கை பொறுக்கும் சூட்டில் கொண்டுபோனோம்.

ஷிப்ரா முதலில் முகர்ந்தாள்.
வாய் வைத்தாள்.
ஒவ்வொரு மிடறுக்கும்
கழுத்துப் பிளாஸ்திரி மெல்ல ஏறி இறங்கியது.
நானும் சேர்ந்து விழுங்கினேன், வெறும் எச்சிலை.
நோட்டில் ஒரு வரி எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.

அது இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.
நன்றாயிருக்கிறது என்றிருக்கலாம்.
வெல்லம் போதாது என்றும் இருக்கலாம்.
தெருவில் பாதிப் பேர் வங்காளிகள்,
யாரைக் கேட்டாலும் படித்துச் சொல்வார்கள்.
கேட்கவில்லை.

போன வாரம் அதே அறைக்கு
ராஞ்சியிலிருந்து ஒருவர் வந்தார், தோளில் குழந்தை.
ராத்திரி கதவைத் தட்டினார்.
"ஆதா" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இப்போதெல்லாம் தீராமல் வாங்கி வைக்கிறேனே,
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இஞ்சியை
கெட்டிக்காரியாக நீட்டினேன்.

இஞ்சியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"தூத்... ஆதா லிட்டர்."

அதற்குள் குழந்தை இஞ்சியைப் பிடித்துவிட்டது.
விடவில்லை.