இரண்டரைச் சுற்று

கெய்யோனில் ஜூலை என்றால் மழை
பக்கவாட்டிலும் பெய்யும்.
தையல் சாமான் கடைக்குள் நுழைந்ததும்
என் ரப்பர் பூட்ஸ் தரையில் ஒரு குளம் வைத்தது.
எலிசேயோ ஒரு காதில் மட்டும் பாட்டு கேட்டபடி
துடைப்பத்தை எடுத்தான். திட்டவில்லை.

நட்புக்கயிறு பின்ன நூல் வேண்டும் என்றேன்,
பள்ளிப் பிள்ளைகள் முடிச்சு முடிச்சாய்ப் போட்டுக்
கையில் கட்டிக்கொள்வார்களே, அது.
நாற்பத்து மூன்று வயதில் இதைச் சொல்லக்
கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.
"மகளுக்கா?"
"எனக்கு மகனொருவன்தான்.
இது என்னோடு வேலை செய்கிற ஒருத்திக்கு."

இரண்டு பெட்டிகளைத் திறந்தான்.
ஒன்றில் பருத்தி, ஆறு புரி,
சிட்டம் சிட்டமாய்ச் சுருண்டு படுத்திருந்தது.
மற்றதில் மெழுகு நூல்,
விரலில் ஒட்டும், விறைத்து நிற்கும்.

பருத்தி மெத்தென்று இருக்கும் என்றான்.
உப்புத் தண்ணீரில் ஒரு வருடம் தாங்கும்,
அப்புறம் தானே இற்று விழும்.
விழுகிற நாளில் நினைத்தது நடக்குமாம்.
மெழுகு நூல் அறாது.
முனையை லைட்டரில் சுட்டு ஒட்டிவிட்டால்
கத்தரிக்கோல் வந்தால்தான் கழலும்.
"எப்படிப்பட்ட சிநேகிதி?"

நூல் விட்டுப் பார்க்கிறானா
வியாபாரத்துக்குக் கேட்கிறானா, தெரியவில்லை.

மே மாதம் என் மகன் காய்ச்சலில் கிடந்தபோது
தன் ஷிப்ட் முடிந்து
என் ஷிப்டிலும் மூன்று இரவு நின்றவள்.
அதற்கு முந்தைய வருடம்
சூப்பர்வைசரிடம் என் பெயரைச் சொன்னவளும் அவள்தான்.
இரண்டைப் பற்றியும் நாங்கள் பேசியதில்லை.
சனிக்கிழமை தெற்கே போகிறாள் ஒரியானா,
நத்தாலெஸில் நண்டு ஆலை, சம்பளம் கூடுதல்.

"நிறம்?"

ஏழு வருடமாய் ஒரே மேசை.
நான் மீனைப் பிடிப்பேன்.
அவள் எண் போட்ட வண்ண அட்டையை விசிறியாய் விரித்துச்
சதையோரம் வைப்பாள்.
இருபத்தைந்து, வெளிறியது, தள்ளு.
இருபத்தேழு, கப்பலுக்கு.
நடுவே மயிரிழை வித்தியாசம்,
எங்கள் கண்ணுக்குத் தப்பாது.
அவளுக்குப் பிடித்த நிறம் எது?
வெள்ளைக் கோட்டு, வெள்ளைப் பூட்ஸ், நீலத் தலைவலை.
முகமூடிக்கு மேலே இரண்டு பழுப்புக் கண்.
அதற்கு எண் கிடையாது.

ரோஜாவும் ஆரஞ்சும் கலந்த ஒரு சிட்டத்தை நீட்டினான்.
"இதுதான் இப்போது நன்றாகப் போகிறது. சால்மன்."
நான் சிரித்த சிரிப்பில்
அவன் காதிலிருந்ததும் கழன்று விழுந்தது.
தம்பி, அதை விட்டுத்தான் அவள் ஓடுகிறாள்.

பச்சையை எடுத்தேன், வைத்தேன்.
ட்யூப்லைட்டில் எல்லா நூலும் பொய் சொல்லும்,
ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன்.
ஈர விரலால் சிவப்பைத் தேய்த்தேன்,
விரல் சிவந்தது.
இத்தனை சீக்கிரம் சாயம் வெளுப்பது வேண்டாம்.
கடைசியில் கடுகு மஞ்சள்,
மதியத்தில் உருளைக்கிழங்கின் மேல்
அவள் கணக்கில்லாமல் ஊற்றிக்கொள்வது.
கறுப்பு, ஏனென்று சொல்லத் தெரியாது.
அப்புறம் படகின் அடியில் பூசுகிற அந்த நீலப்பச்சை.
முதலிரண்டும் பருத்தி.
நீலப்பச்சை மெழுகில் மட்டும்தான் இருந்தது.

"கலக்காதீர்கள்," என்றான்.
"ஒன்று அமுங்கும், ஒன்று துருத்தும்.
முடிச்சு வரிசையாய் உட்காராது.
பருத்தி இற்ற பிறகு
நீலம் மட்டும் கையில் தொங்கும்."

தொங்கட்டும்.

"மணிக்கட்டு என்ன அளவு?"

இதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.
கத்தி வழுக்கிய இரவு
கையுறைக்குள் ரத்தம் தளும்ப நின்றாள்.
முதலுதவிப் பெட்டியில் மிச்சமிருந்த துணி
சரியாய் இரண்டரைச் சுற்று வந்தது.
இறுக்காதே என்றாள்.
இறுக்கினேன்.

கட்டைவிரலையும் நடுவிரலையும் வளையமாக்கி
எலிசேயோவிடம் நீட்டினேன்.
உள்ளே டேப்பை வளைத்துப் பார்த்தான்.
"பதினைந்தரை.
ஒரு விரல் போக இடம் விடலாமா?"

விடு என்றேன்.