சாவி எங்களிடம்

இரண்டு நாளைக்கு மூவாயிரத்து இருநூறு.
ஏசி உண்டு. மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்தும் தருவார்கள்.
படத்தில் பார்த்த நீல வாளி
குளியலறையில் அதே மூலையில் இருந்தது.

பாம்பன், தெற்குவாடி.
‘ஸீ பிரீஸ் ஹோம்’ என்று நாங்கள் சொன்ன விலாசத்தில்
ஆட்டோவை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்,
“பெர்பெத்துவா வீடா?”

லாட்ஜ் அறை என்றால்
நமக்கு முன்னால் யாருமே இங்கே படுத்ததில்லை என்று
வெள்ளை விரிப்பு சத்தியம் செய்யும்.
இங்கே தலையணையில் இன்னொருவர் தேங்காயெண்ணெய்.
ஃபிரிட்ஜ் கதவில் கேஸ் ஏஜென்சி நம்பர்,
பல் டாக்டரின் சீட்டு,
மூன்று மாதம் பழைய பால் கணக்கு.
கதவு நிலையில் பென்சில் கோடுகள்:
ஜெனிஷ், ஜெனிஷ், ஜெனிஷ்.
கடைசிக் கோடு என் மகளின் காதுக்கு மேலே நின்றது.
நாலு விரல் கூடுதல் என்று குதித்தாள்,
முகம் பார்க்காதவனை ஜெயித்த சந்தோஷத்தில்.
தனக்கும் ஒரு கோடு போட்டு
மிருதுளா என்று எழுதிக்கொண்டாள்.
நான் கண்டிக்கவில்லை.
வாடகை கொடுத்திருந்தேன்.

இரண்டு அறையில் ஒன்று பூட்டியிருந்தது.
உள்ளே ஒரு கடிகாரம் மணிக்கு மணி பாடியது.
“குடும்பத்தையே மடிச்சு உள்ள அடுக்கிட்டுப் போயிருக்காங்க”
என்றாள் என் மனைவி.

வெளியே கச்சான் காற்று.
தடைக்காலம். விசைப்படகுகள்
ஒன்றன் தோளில் ஒன்று இடித்தபடி கிடந்தன,
லீவு கிடைத்தும் போக்கிடம் இல்லாத ஆட்களைப்போல.

மறுநாள் ஐந்தரைக்குத் தட்டும் சத்தம்.
தன் வீட்டுக் கதவைத் தட்ட
யாருக்கும் பழக்கம் இருக்காது.
முதல் தட்டு உரிமையாக விழுந்தது.
இரண்டாவதில் ஞாபகம் வந்து
விரல்நுனி அளவுக்குச் சுருங்கியது.

நைட்டிமேல் துண்டு போட்ட பெண்.
அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு
தோள் ஏறி இறங்க ஒரு பையன்.
“மன்னிச்சிருங்க சார்.
இவன் பஃப் மருந்து அந்த ரூமுக்குள்ள மாட்டிக்கிச்சு.
ராத்திரி பூரா இழுப்பு.
நீங்க தூங்குவீங்களேன்னு
விடியட்டும்னு இருந்தோம்.”

அவள் செருப்பை வாசலில் கழற்றினாள்.
நான் செருப்போடு உள்ளே நின்றிருந்தேன்.
என் வாய் என்னைக் கேட்காமல் சொன்னது,
“வாங்க, உள்ள வாங்க.”

ஒரு நொடி சிரித்துவிட்டாள்.
கல்யாணமாகி வந்த நாளுக்குப் பிறகு
அந்த வாசலில் அவளை வாங்க என்றவன்
நான்தான்போல.

பூட்டு திறந்தது.
தையல் மெஷின், அரிசி மூட்டை,
துணி சுற்றிய வேளாங்கண்ணி மாதா,
கிளாடுவின் என்று எழுதிய ஐஸ் பெட்டி.
பையன் மெஷின்மேல் சாய்ந்தே
மருந்தை உறிஞ்சினான். இரண்டு தரம்.
மூச்சு வந்ததும் முதலில் பார்த்தது கதவு நிலையை.
“இது யாரும்மா? நம்ம வீட்ல எழுதியிருக்கு?”

மிருதுளா போர்வைக்குள் போய்விட்டாள்.

“தங்கச்சி வீட்ல, அக்காள்மடத்துல இருக்கோம்.
ஒம்பது பேரு. தடை முடியிற வரைக்கும்தான்.
போட்டு போனா இந்த வீடு வேணாம் சார்,
வாடகைக்கு, அதச் சொல்றேன்.”
கிளம்பும்போது அடுக்களையை எட்டிப் பார்த்து,
“கொஞ்சம் கடுகு எடுத்துக்கவா?”
“எடுத்துக்கங்க எடுத்துக்கங்க” என்றேன்,
என் கடுகுபோல.

அன்று மாலை என் மனைவி
கதவிடுக்கில் இருந்த விளக்குமாற்றை எடுத்து
இரண்டு அறை முன்னாலும் பெருக்கினாள்.
எந்த லாட்ஜிலும் பெருக்கியதில்லை.
மிருதுளா ரப்பர் கேட்டாள்.
தேடினோம், கிடைக்கவில்லை.
சரியாகத் தேடவில்லை என்றும் சொல்லலாம்.

ரயிலில் ஏறியதும் போன் கேட்டது,
தங்கிய இடம் எப்படி?
ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்தினேன்.
கருத்து என்ற கட்டத்தில்
‘எந்நேரம் தட்டினாலும் கதவு திறக்கும்’ என்று எழுதி,
திறந்தது நான் என்பதால் அழித்துவிட்டு,
‘குழாய்த் தண்ணீர் உப்பு.
குடிக்க கேன் பக்கத்துக் கடையில் கிடைக்கும்’
என்று போட்டேன்.